ராட்டின ரூம் நாலு ரூபாய்

காலை ஐந்து மணிக்கு எழுந்திருப்பேன். மோட்டார் சுவிட்சைப் போடுவேன். மேல்தொட்டி வழியும் சத்தம் கேட்கும்வரை பல் துலக்குவேன். முன்கதவின் இரும்புப் பட்டையை எடுத்து வைத்துவிட்டு போர்டு விளக்கை அணைப்பேன். வெந்நீர் அண்டாவுக்கு விறகு தள்ளுவேன். கோவை ரயிலுக்கு எழுப்பச் சொன்னவர்களின் கதவைத் தட்டுவேன். ஐந்தே முக்காலுக்கு மாரக்காள் விளக்குமாற்றோடு வருவாள். அவள் பெருக்க ஆரம்பித்ததும் எதிர்க்கடைக்குப் போய் நின்றபடியே காபி குடிப்பேன். ஆறே காலுக்குக் குளியல். ஆறரைக்கு மேஜை முன் உட்கார்ந்து ரெஜிஸ்டரில் தேதி எழுதுவேன். பிறகு யாராவது வருவதற்குக் காத்திருப்பேன்.

ஒரு வருடமாக இப்படித்தான். அதற்கு முன் இரண்டு வருடம் இதில் பாதியைச் சாரதாமணி செய்தாள். அவள் என் மனைவி.

லாட்ஜின் பெயர் வேலவன். திருப்பூர் ரயிலடியிலிருந்து நடக்கிற தூரம். கீழே ஆபீஸ் அறை, அதற்குப் பின்னால் ஒரு நூல் குடோன். மேலே எட்டு அறைகள், மொட்டைமாடியில் ஒன்று. கட்டடத்துக்குப் பின்னால் எங்கள் வீடு. வெளிச்சுவர் இப்போது இளம்பச்சை. அதற்கு முன் ரோஸ். பெயிண்டரிடம் எது மிச்சமிருக்கிறதோ அதுதான் எங்கள் நிறம். அறைக்கு இரண்டு இரும்புக் கட்டில், ஒரு மேஜை, ஒரு மண் கூஜா, ஒரு காலண்டர், ஒரு கண்ணாடி. மூன்றாம் நம்பர் கண்ணாடியில் முகம் நீளமாகத் தெரியும். யாரும் குறை சொன்னதில்லை. பருத்தவர்கள் அந்த அறையையே கேட்டு வாங்குவார்கள்.

பத்து மாதம் பனியன் ஆர்டர் கொடுக்க வரும் வெளியூர் வியாபாரிகள் தங்குவார்கள். அவர்களுக்கு அறை என்பது பெட்டி வைக்கிற இடம். தை பிறந்தால் கதை வேறு. எதிர் மைதானத்தில் நாற்பது நாள் பொருட்காட்சி போடுவார்கள். அப்பளக் கடை, வளையல் கடை, மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள், எல்லாவற்றுக்கும் மேலே ராட்டினம். முன்பக்கத்து மூன்று அறைகளின் ஜன்னலைத் திறந்தால் ராட்டினம் முழுதாகத் தெரியும். பெட்டியில் உட்கார்ந்து கத்துகிறவர்களின் பல்லை எண்ணலாம்.

நான் பி.ஏ. எகனாமிக்ஸ். தேவை, அளிப்பு எல்லாம் எழுதிப் பாஸ் செய்தவன். ஜன்னலுக்குத் தனி விலை உண்டு என்பது எட்டாவது வரை படித்த சாரதாவுக்குத்தான் தோன்றியது. கல்யாணமாகி வந்த முதல் தை மாதமே ஒரு சிலேட்டை எடுத்து, 'ராட்டின ரூம் நாலு ரூபாய், மற்ற ரூம் மூணு ரூபாய்' என்று எழுதி வாசலில் மாட்டினாள். என் அப்பா அப்போது உயிரோடு இருந்தார். காற்றுக்கும் காசா என்று கேட்டார். அன்று மாலைக்குள் மூன்று ராட்டின ரூமும் நிரம்பிவிட்டது.

மெத்தை விரிப்பும் அவள் யோசனைதான். பனியன் துணி மெஷினிலிருந்து குழாய் மாதிரி இறங்கும். அதை வெட்டித்தான் பனியன் தைப்பார்கள். ஓட்டை விழுந்த குழாய்களைக் கம்பெனியில் கழித்துப் போடுவார்கள். அவற்றை வாங்கி வந்து, வெட்டாமல், காலுறை மாட்டுகிற மாதிரி மெத்தைகளுக்கு மாட்டிவிட்டாள். சுருங்காது, நழுவாது. விரிப்பைத் திருட நினைப்பவன் மெத்தையையும் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

வெளியூர்க்காரர்களுக்கு இது பிடிபட நாளாயிற்று. சேவூரிலிருந்து வந்த ஒரு விவசாயி இரவு முழுவதும் உறைக்குள்ளேயே படுத்திருந்தார். காலையில் மாரக்காள் கதவைத் திறந்தபோது மெத்தைக்குத் தலை முளைத்திருந்தது.

"குளிருக்கு நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்றார் அவர். "பொரண்டு படுத்தா மெத்தையும் கூடவே வருது, அதொண்ணுதான்."

சாரதா மாடிப்படியில் உட்கார்ந்து அரைமணி நேரம் சிரித்தாள். மூச்சு வாங்கியது. சிரித்ததால்தான் என்று நினைத்தேன்.

சொல்ல வந்தது இந்த வருடம், அறுபத்தெட்டு, பொருட்காட்சியின் மூன்றாவது சனிக்கிழமை.

முதலில் வந்தது மங்கலம் அங்கமுத்துவும் அவர் மனைவி குழந்தையம்மாளும். நாலு விசைத்தறி வைத்திருப்பவர்கள். மங்கலம் இங்கிருந்து ஏழெட்டு மைல். பஸ் உண்டு. ஆனாலும் வருடா வருடம் சனிக்கிழமை வந்து ஒன்றாம் நம்பரில் தங்கி ஞாயிறு மதியம்தான் போவார்கள்.

முதல் வருடம் நானே கேட்டேன், ஊருக்குக் கடைசி பஸ் இருக்கிறதே என்று.

"பஸ் இருக்குதுங்க" என்றார் அங்கமுத்து. "ஊட்டுல பெல்லு இல்லீங்களே."

அறைகளில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் என் மேஜைக்கு மேலே மணி அடித்து நம்பர் விழும். குழந்தையம்மாளுக்கு அதுதான் பொருட்காட்சி. தண்ணி வேண்டும் என்று ஒரு முறை அடிப்பார். தண்ணி வந்துவிட்டது என்று சொல்ல இன்னொரு முறை.

"ஏனுங்க தம்பி, அந்தம்மாளுக்கு கையில அரிப்பாட்ட இருக்குது" என்றாள் மாரக்காள், மூன்றாவது முறை ஏறி இறங்கிய பிறகு. "இப்ப எதுக்குக் கூப்புட்டாங்க தெரியுமுங்களா? மணி வேல செய்யுதான்னு பாத்தாங்களாமா."

"என்ன சொன்னீங்க?"

"மணி வேல செய்யுதுங்க, என்ர காலுதான் செய்யலைன்னேன். சிரிக்கறாங்க. வருசம் பூரா தறிச் சத்தத்துல கத்திக் கத்திப் பேசறவங்க. ஒரு வெரல்ல அமுக்குனா ஆளு வருதுன்னா சும்மா இருக்குமுங்களா?"

பதினொரு மணிக்கு என் மாமியார் சுப்பாத்தாள் வந்தார். வெள்ளகோவில் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக நடந்து வந்திருந்தார். ஒரு கையில் மஞ்சள் பை, இன்னொரு கையில் வாழையிலையில் கட்டிய வெண்ணெய்.

"வாங்க அத்தை."

"வந்தனுங்க மாப்பிள்ளை. நல்லாருக்கறீங்களா? பாதி ஆளாப் போயிட்டீங்களே."

"ஊட்டுக்குப் போலாங்க."

"ஊடு எதுக்குங்க? ரூம் எடுக்கத்தான் வந்தேன்" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தார்.

இது அவர்கள் வழக்கம். பெண் கொடுத்த வீட்டில் பேரனோ பேத்தியோ பிறக்கிறவரை தாயோ தகப்பனோ தங்கமாட்டார்கள், கை நனைக்கமாட்டார்கள். வருவார்கள், வாசலிலேயே பாதி உட்கார்ந்து பேசிவிட்டு அதே பஸ்ஸில் திரும்புவார்கள். சாரதா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். லாட்ஜ் வீடு ஆகாது. வாடகை கொடுத்தால் யார் வேண்டுமானாலும் தங்கலாம். அம்மாவும் வாடகை கொடுத்துத் தங்கட்டும், பொருட்காட்சி பார்க்கட்டும். அம்மாவை ஒப்புக்கொள்ள வைக்க அவளுக்கு நாலு கடிதம் ஆயிற்று.

அப்படி முதன்முதலாகத் தங்க வருவதாக இருந்தது போன வருடம், ஒரு வியாழக்கிழமை. அன்று காலை வெள்ளகோவிலில் எருமை கன்று போடுகிற நிலையில் நின்றது. அத்தை பஸ் ஏறவில்லை. நாளைக்குப் போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். அன்று மதியம் சாரதா களைப்பாக இருக்கிறது என்று படுத்தாள். ரூம் கேட்டு ஆள் வந்ததால் நான் ஆபீசுக்குப் போனேன். அரைமணி கழித்துத் திரும்பி வந்தேன். சின்ன வயதில் வந்த காய்ச்சல் ஒன்று இதயத்தைக் கெடுத்து வைத்திருந்தது என்று டாக்டர் பிறகு சொன்னார். இருபத்திரண்டு வயது.

அத்தை வெள்ளிக்கிழமை வந்தார். தங்குவதற்கு எடுத்து வைத்திருந்த அதே பையோடு.

சாரதா கடைசியாக என்ன சொன்னாள் என்று எல்லோரும் கேட்டார்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். யாரும் நம்பவில்லை. 'அவரை நல்லாப் பாத்துக்கங்க' என்றாளாம். இது அவள் அண்ணி ராமாத்தாள் வெள்ளகோவில் முழுக்கச் சொன்னது. 'முருகா' என்று மூன்று முறை கூப்பிட்டாளாம். இது என் பெரியப்பா. இரண்டு பேரும் அன்று திருப்பூரிலேயே இல்லை.

அத்தை மட்டும் கூட்டத்தில் கேட்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டார்.

"என்னையத் தேடுனாளுங்களா?"

"இல்லீங்க அத்தை" என்றேன்.

அது பொய். தேடினாள் என்று சொன்னால், நீங்கள் ஏன் வரவில்லை என்று கேட்டமாதிரி ஆகும். அதனால் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறினார். ஒரு வருடமாக இந்தப் பக்கம் வரவில்லை. வருடத் திதிக்கும் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்.

இப்போது வந்து நிற்கிறார்.

"ராட்டின ரூம் நாலு ரூபாயா? குடுங்க ஒண்ணு" என்று சிலேட்டைக் காட்டினார்.

"உங்களுக்கு மொட்டைமாடி ரூம் வெச்சிருக்கறனுங்க."

"மாடில இருந்தா ராட்டினம் தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க. தண்ணித் தொட்டி மறைக்கும். பின்பக்கம் ஜன்னல். சலவைப்பட்டறையில துணி காயறது தெரியும்."

"துணி காயறதப் பாக்கறதுக்கு வெள்ளகோவில்ல இருந்து வருவாங்களா?" என்று சிரித்தார். "ராட்டின ரூமெல்லாம் ஆள் இருக்குதாக்கும்?"

"ஆமாங்க" என்றேன்.

மாரக்காள் வாளியைக் கீழே வைத்தாள். "ரெண்டாம் நம்பரு காலிங்களே. இப்பத்தான் கூட்டி, கூஜாவுல தண்ணி புடிச்சு வெச்சுட்டு வாரேன்."

"அது புக்கிங் ஆயிருக்குது."

"யாருக்குங்க?"

"ஒரு பார்ட்டி."

"எந்த பார்ட்டிங்க? எனக்குத் தெரியாம?"

அத்தை என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. மூன்று ரூபாயை மேஜைமேல் வைத்தார். "மாடி ரூமே போதுங்க" என்று பையை எடுத்துக்கொண்டார். நான் வாங்க முயன்றேன். கொடுக்கவில்லை.

மாடி அறை சின்னது. கட்டில் ஒன்று. மேலே சிமெண்ட் ஷீட். மாசியில் சுடும், தையில் தேவலை. அத்தை சுற்றிப் பார்த்தார். மெத்தை உறையைத் தொட்டு, விளிம்பை இழுத்து, அது எங்கே முடிகிறது என்று தேடினார்.

"இது சாரதா வேலையா?"

"ஆமாங்க."

"புத்திசாலி" என்றார். கட்டிலில் உட்காரவில்லை.

நான் கீழே வந்தேன். மாரக்காள் படியிலேயே காத்திருந்தாள்.

"தம்பி, சொல்றனேன்னு கோவிச்சுக்காதீங்க. பெத்தவங்க. ஒரு வருசங்கழிச்சு வந்திருக்கறாங்க. காலி ரூமைப் பூட்டி வெச்சுட்டு கோழிக்கூண்டுல கொண்டுபோய் அடைக்கறீங்க. அந்தப் பார்ட்டி பெரிய கவர்னருங்களா?"

நான் ரெஜிஸ்டரைத் திறந்தேன். அதில் எழுத ஒன்றுமில்லை.

மதியத்துக்குள் மாரக்காள் என்ன சொன்னாளோ, குழந்தையம்மாள் அத்தையைத் தன் அறைக்குக் கூட்டிப் போய்விட்டார். இரண்டு பேரும் ஒன்றாம் நம்பர் ஜன்னலில் உட்கார்ந்து ராட்டினத்தைப் பார்த்தார்கள். பகலில் சுற்றாது. ஆள் ஏறி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். அதையே ஒரு மணி நேரம் பார்த்தார்கள். மணி இரண்டு முறை அடித்தது. இரண்டாவது முறை நான் போனேன்.

"ஒண்ணுமில்லீங்க" என்றார் குழந்தையம்மாள். "இவிங்களுக்கு அமுக்கிக் காட்டுனேன்."

அத்தை ஜன்னலைவிட்டுத் திரும்பவில்லை.

நான்கு மணிக்கு மூன்று பேரும் பொருட்காட்சிக்குக் கிளம்பினார்கள். நான் வரவில்லை என்றேன். அத்தை கூப்பிடவும் இல்லை. மைதானத்து ஒலிபெருக்கி மேஜைவரை கேட்கும். ஐந்தரைக்கு அது, "மங்கலத்திலிருந்து வந்திருக்கும் அங்கமுத்து அவர்கள் எங்கிருந்தாலும் உடனே தகவல் பந்தலுக்கு வரவும், அவரது மனைவி காத்திருக்கிறார்" என்றது. பத்து நிமிடத்தில் மறுபடியும். ஆறு மணிக்கு மூன்றாவது முறை.

ஆறே காலுக்குத் திரும்பி வந்தார்கள். அங்கமுத்து முகமெல்லாம் பூரிப்பு.

"கேட்டுச்சுங்களா? ஊருப்பேரு, என்ர பேரு, தெளிவாச் சொன்னானா?"

"நல்லாக் கேட்டுதுங்க. தொலைஞ்சு போயிட்டீங்களா?"

"எங்க தொலையறது? பந்தலுக்குப் பின்னாடியேதானுங்க நின்னுட்டு இருந்தேன். மூணு தரம் சொல்ல உட்டுட்டுத்தான் போனேன்."

குழந்தையம்மாள் அவர் முதுகில் தட்டி மேலே தள்ளிக்கொண்டு போனார். "நாலாந்தரம் சொல்லமாட்டேன்னுட்டானுங்க அந்த ஆளு. நீங்களே போய்த் தேடிக்கங்கன்னுட்டான்."

அத்தை கையில் சுளகு அகலத்துக்கு ஒரு டெல்லி அப்பளம் இருந்தது. அதை மாரக்காளிடம் கொடுத்தார். மாடிக்குப் போனார். திரும்பி வரும்போது மஞ்சள் பை கையில் இருந்தது.

"ஏழேகாலுக்கு வெள்ளகோவில் பஸ் இருக்குதுங்களாமா."

"தங்கறேன்னுதானே வந்தீங்க?"

"தங்கத்தான் வந்தேன்." பெஞ்சில் உட்கார்ந்தார். பை மடியில். மாரக்காள் அப்பளத்தோடு பின்கட்டுக்கு நழுவினாள். வெளியே ராட்டினத்துக்கு விளக்குப் போட்டார்கள். சிலேட்டு சிவப்பாகி, பச்சையாகி, மறுபடி சிவப்பானது.

"மாப்பிள்ளை, உங்களைக் கொறை சொல்லலீங்க" என்றார் அத்தை. "நானும் ரோசனை பண்ணிப் பாத்தேன். மக ஊட்டுக்குப் பொறப்படற அன்னிக்கு எருமையப் பாத்துட்டு நின்னவளுக்கு மாடி ரூமே ஜாஸ்தி. எருமை கன்னு போட்டுதுங்க. பொட்டக் கன்னு, கெடாரி. நல்லாத்தான் இருந்துச்சு. அதப் பாத்துட்டு இருக்க முடியலீங்க. வித்துப்போட்டேன்."

நான் ரெஜிஸ்டரை மூடி வைத்தேன்.

"அவ என்னையத் தேடலைன்னு சொன்னீங்க. எம்மேல அம்புட்டுக் கோவமான்னு ஒரு வருசமா அதையேதான் நெனச்சுட்டு இருந்தேன். இன்னிக்கு உங்களப் பாத்தேன். காலி ரூமை இல்லைன்னு சொல்றப்ப உங்க மூஞ்சியப் பாத்தேன். உங்களுக்கும் கோவந்தான். இருக்கட்டுங்க. நாயந்தான். இனி வரமாட்டனுங்க, உங்களச் சங்கடப்படுத்த மாட்டேன்."

எழுந்தார்.

மேலே ஒன்றாம் நம்பர் மணி அடித்தது. நம்பர் விழுந்தது. நான் போகவில்லை. மறுபடியும் அடித்தது.

'அம்மா, அம்மா என்றுதான் கூப்பிட்டாள்' என்று சொல்லியிருக்கலாம். ராமாத்தாள் சொன்னதைப்போல் அதுவும் வெள்ளகோவில் முழுக்கப் போயிருக்கும். நன்றாகவும் இருந்திருக்கும். ஆனால் இரண்டாம் நம்பரை ஏன் கொடுக்கவில்லை என்பதற்கு அது பதில் ஆகாது.

"அத்தை, உக்காருங்க" என்றேன். "அவ கோவமா இல்ல. தேடுனா. நாந்தான் பொய் சொன்னேன்."

அவர் உட்காரவில்லை. நின்றபடியே என்னைப் பார்த்தார்.

"மாடி ரூம் நான் குடுத்தது இல்லீங்க. அவ குடுத்தது. அவ கடைசியாச் சொன்னது அது ஒண்ணுதானுங்க, அதை எப்படி மாத்தறதுன்னு எனக்குத் தெரியல."

"என்ன சொன்னா?"

"நல்ல வார்த்தையா இருக்காதுங்க."

"எதா இருந்தாலும் சொல்லுங்க. அவ சொன்னாப்பலயே சொல்லுங்க."

சொன்னேன். மதியம் ஒன்றரை மணி. நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அவள் சுவர்ப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ஏனுங்க என்றாள். திரும்பினேன். கண்ணை மூடியபடியே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா இன்னிக்கு வந்துருவாங்க. வந்ததும் ராட்டின ரூமைத்தான் கேப்பாங்க, குடுத்துறாதீங்க, மாடில போடுங்க. அவங்க உடற கொறட்டைக்கு, மிசின்ல என்னமோ கோளாறுன்னு ராட்டினக்காரன் ராட்டினத்தையே நிறுத்திப்போடுவான்."